போர்ட்ஃபோலியோ: பிரிண்ட் போடணுமா, டிஜிட்டல் போதுமா?

விஸ்காம் கடைசி வருஷம் படிக்கிறவங்க, ஒரு சீனியர்கிட்ட அசிஸ்டென்ட்டா இருந்துட்டு தனியா கிளம்பப் போறவங்க, பல வருஷமா கல்யாண போட்டோ எடுத்துட்டு இப்ப ப்ராடக்ட் ஷூட், ஆர்கிடெக்சர் பக்கம் போகலாம்னு நினைக்கிறவங்க, எல்லாரும் கேக்குறது இதைத்தான்: போர்ட்ஃபோலியோவை, அதாவது நாம எடுத்ததுல பொறுக்கி வச்ச போட்டோ தொகுப்பை, பிரிண்ட் போட்டு வைக்கணுமா, இல்ல ஒரு வெப்சைட்டும் இன்ஸ்டாவும் இருந்தா போதுமா? என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டும் வேணும், ஆனா ரெண்டோட வேலையும் வேற. டிஜிட்டல்ல பாத்துட்டுத்தான் உங்களைக் கூப்பிடுவாங்க. கூப்பிட்ட இடத்துல உக்காந்து பேசறதுக்கு பிரிண்ட் மாதிரி வேற எதுவும் உதவாது. கைல காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா டிஜிட்டலை முதல்ல முடிங்க. ஆனா அந்த டிஜிட்டலுக்குள்ள எந்தப் படம் போகணும், எது போகக் கூடாதுன்னு முடிவு பண்றதுக்கே சின்ன சைஸ் பிரிண்ட் வேணும், அதை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க.

யார் பாக்கப் போறாங்க

கேமரா, பேப்பர், வெப்சைட் எல்லாத்துக்கும் முன்னாடி, அடுத்த ஆறு மாசத்துல உங்க படத்தை யார்கிட்டல்லாம் காட்டப் போறீங்கன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. "எல்லார்கிட்டயும்"னு எழுதினா அது பதில் இல்ல. காலேஜ் இன்டர்வியூவா, விளம்பர ஏஜென்சியா, பத்திரிகையா, கல்யாண வீட்டுக்காரங்களா, கிராண்ட்டுக்கு, அதாவது படம் எடுக்க நிதி உதவிக்கு, அப்ளை பண்றீங்களா, அதைப் பொறுத்து எல்லாமே மாறும்.

காலேஜ்னா, என்ஐடியோட (நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைன்) காந்திநகர் கேம்பஸ்ல போட்டோகிராஃபி டிசைன் எம்.டெஸ், அதாவது முதுகலை படிப்பு இருக்கு, ஊட்டி பக்கம் 2001ல ஆரம்பிச்ச லைட் அண்ட் லைஃப் அகாடமி இருக்கு, இந்த மாதிரி இடத்துக்கு அப்ளை பண்ணும்போது எத்தனை படம், என்ன ஃபைல் சைஸ்னு அந்தந்த வருஷ அறிவிப்பைப் படிச்சு அதே மாதிரி அனுப்புங்க, அதுல சொந்த யோசனை வேண்டாம். நேர்ல கூப்பிட்டா பிரிண்ட்டும் எடுத்துட்டுப் போங்க. உங்க நோட்டு, கான்டாக்ட் ஷீட் (எடுத்த படமெல்லாம் ஒரே தாள்ல சின்னச் சின்னதா இருக்கறது), ஒரே இடத்தை நாலு தடவ திரும்பத் திரும்ப எடுத்துப் பாத்த வரிசை, இதையெல்லாமும் சேத்து வைங்க. படிக்க வர்ற ஆள்கிட்ட பெர்ஃபெக்டான 20 படத்தை யாரும் எதிர்பாக்க மாட்டாங்க, எப்படி யோசிக்கிறான்னுதான் துருவுவாங்க, அது ஒரு ஸ்கிரீன்ல ஸ்வைப் பண்ற பத்து படத்துல தெரியாது, மேசை மேல பரப்பி வச்சா தெரியும்.

ஏஜென்சி ஆர்ட் டைரக்டர்னா அவர் ஏற்கனவே உங்க பிடிஎஃப் பாத்துட்டுத்தான் வரச் சொல்லியிருப்பார். அவர்கிட்ட அதே படத்தை அதே வரிசையில மறுபடி காட்டினா பிரயோஜனம் இல்ல. பிரிண்ட்ல அவர் பாக்காத அஞ்சாறு படம் இருக்கணும், முக்கியமா சைஸ் பெருசானா மட்டும் வெளிய வர்ற படங்க, துணி டெக்ஸ்சர், சாப்பாடு, உலோகம், தோல் நிறம் இதெல்லாம். திருப்பூர்ல கார்மென்ட் கேட்லாக் எடுக்கறவங்க இதைக் கண்டிப்பா பண்ணணும், பனியன் துணியோட நெசவு பிரிண்ட்ல தெரியுதான்னு பையர் கண்ணுக்குக் கிட்ட வச்சுப் பாப்பார்.

பத்திரிகை, ஆவணப் புகைப்படம் பக்கம் போறவங்களுக்கு பிரிண்ட் ஆரம்பத்துல தேவையே இல்ல. போட்டோ எடிட்டருக்கு ஒரு லிங்க், ஒவ்வொரு படத்துக்கும் சரியான கேப்ஷன், அவ்வளவுதான். கேப்ஷன் எப்படி எழுதணும்னு கத்துக்கணும்னா 2014ல பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஆரம்பிச்ச, கிராமப்புற இந்தியாவைப் பதிவு பண்ற பாரி வெப்சைட்டை உக்காந்து படிங்க, பேர், ஊர், தொழில், என்ன பண்ணிட்டிருக்காங்கன்னு படத்துக்குக் கீழ எவ்வளவு தெளிவா இருக்குன்னு பாருங்க. போட்டோகிராஃபர் தயானிதா சிங் 2022ல ஹாசல்பிளாட்ங்கற உலக அளவு போட்டோகிராஃபி விருது வாங்கினாங்க, அதே வருஷம் அவங்க பேர்ல பாரியோட சேந்து ஆவணப் புகைப்படத்துக்கு ஒரு விருது வந்தது, முதல் விருது நம்ம எம். பழனிக்குமாருக்கு. தயானிதாவோட வழி என்னன்னா, படத்தை சுவர்ல மாட்டறதோட நிக்காம புத்தகமா, மடிப்பா, பெட்டியா கைல குடுக்கறது. பாரியோட வழி முழுக்க ஆன்லைன். ரெண்டும் ஒரே விருதுல சேருது. அதனால எது உசத்தின்னு சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கல்யாண வீடு தனி உலகம். பொண்ணும் மாப்பிள்ளையும் இன்ஸ்டாவுல பாத்து உங்களைப் பிடிச்சிருப்பாங்க. ஆனா ஆபீஸுக்கு வரும்போது கூட அம்மா அப்பா, சில சமயம் அத்தை மாமாவும் வருவாங்க, பணம் குடுக்கறது அவங்கதான், அவங்க ஃபோன்ல பாக்க மாட்டாங்க, "ஆல்பம் ஏதாவது இருந்தா காட்டுங்க தம்பி"ன்னுதான் கேப்பாங்க. அப்ப நீங்க பத்து கல்யாணத்துலேர்ந்து பொறுக்கி எடுத்த ஹைலைட் ஆல்பம் குடுக்காதீங்க. ஒரே கல்யாணத்தோட முழு ஆல்பம் குடுங்க, நலங்குலேர்ந்து முகூர்த்தம், பந்தி, குரூப் போட்டோ வரைக்கும். அவங்க தேடறது ட்ரோன் ஷாட் இல்ல, சொந்தக்காரங்க முகமெல்லாம் தெளிவா வந்திருக்கா, தாலி கட்டற நேரம் எவனாவது குறுக்க நிக்காம எடுத்திருக்காரா, அதுதான். 12 பை 36 இஞ்ச் ஸ்ப்ரெட்ல, அதாவது ரெண்டு பக்கமும் சேந்து நல்லா விரியற ஒரு சாம்பிள் ஆல்பம் இருந்தா அந்தப் பேச்சு பாதி முடிஞ்ச மாதிரி.

இன்னொண்ணு, பிரிட்டனோட ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி குடுக்கற டிஸ்டிங்ஷன்ங்கற தகுதிப் பட்டம் எடுக்கணும்னு நம்ம ஊர் கிளப்புகள்ல நிறைய பேர் ஆசைப்படறாங்க. லைசென்ஷியேட்ங்கற முதல் படிக்கு 10 படம், அசோசியேட்ங்கற அடுத்த படிக்கு 15 படம், பிரிண்ட்டாவும் குடுக்கலாம், டிஜிட்டலாவும் குடுக்கலாம். அதுல கூடவே ஹேங்கிங் பிளான்னு ஒண்ணு கேப்பாங்க, எந்தப் படம் எது பக்கத்துல, எந்த வரிசைலன்னு ஒரு வரைபடம். அந்தப் பரீட்சை எழுதாதவங்களும் இந்த ஹேங்கிங் பிளான் போடற பழக்கத்தை மட்டும் எடுத்துக்குங்க, ரொம்ப உபயோகம்.

தரையில பரப்பி எடிட் பண்ணுங்க

இதுதான் எல்லாத்துலயும் முக்கியமான வேலை, இதுக்குத்தான் ஜனங்க நேரமே குடுக்கறதில்ல. லைட்ரூம் சாஃப்ட்வேர்ல அஞ்சு ஸ்டார் குடுத்து வடிகட்டறது எடிட்டிங்ல பாதிதான். ஸ்கிரீன்ல ஒரு நேரத்துக்கு ஒரு படம்தான் முழுசா கண்ணுக்குத் தெரியும், அதனால ஒவ்வொரு படமும் தனியா நல்லாத்தான் இருக்கும், சேத்து வச்சா ஒண்ணை ஒண்ணு அடிக்குதுன்னு தெரியவே தெரியாது.

அதனால இப்படிப் பண்ணுங்க. அறுபது எழுபது படம் எடுத்துக்குங்க. பக்கத்து கலர் லேப்ல 4 பை 6 சைஸ்ல எல்லாத்தையும் போடுங்க, கலர் கரெக்டா இருக்கணும்னு அவசியமில்ல, இது வேலைக்கான பிரிண்ட். பின்பக்கம் பென்சில்ல ஃபைல் நம்பர் எழுதுங்க. ஃபேனை ஆஃப் பண்ணிட்டு தரையில மொத்தத்தையும் பரப்புங்க. நின்னுக்கிட்டே பாருங்க, உக்காந்து பாக்காதீங்க, நின்னா எல்லாம் சின்னதாத் தெரியும், அந்தத் தூரத்துலயும் கண்ணை இழுக்கற படம் எதுன்னு அப்ப தெரிஞ்சிடும்.

முதல் சுத்துல ஒரே விஷயத்தைச் சொல்ற படங்களைக் கண்டுபிடிங்க. மெரினாவுல காலைல மீன் வலை இழுக்கற படம் மூணு இருந்தா ஒண்ணுதான் தங்கும், மூணும் எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்திருந்தாலும் சரி. நீங்க பட்ட கஷ்டம் படத்துக்குள்ள தெரியாது, பாக்கறவங்களுக்கு அது தேவையும் இல்ல, இந்த ஒரு விஷயத்தை ஏத்துக்கறதுதான் எடிட்டிங்ல ரொம்ப வலிக்கும். ரெண்டாவது சுத்துல பக்கத்து பக்கத்துல வச்சுப் பாருங்க: ஒரு படத்துல ஆள் வலது பக்கம் பாக்கறார், அடுத்த படத்துல இருக்கறவர் இடது பக்கம் பாக்கறார், ரெண்டையும் எதிரெதிரா வச்சா அவங்க பேசிக்கற மாதிரி ஆகும், மாத்தி வச்சா முகத்தைத் திருப்பிக்கிட்ட மாதிரி ஆகும். ட்யூப்லைட் பச்சை அடிக்கற படத்தையும் சாயந்திர மஞ்ச வெயில் படத்தையும் ஒட்டி வச்சா ரெண்டும் கெட்டுப் போகும். குளோஸப், நடுத்தரம், தூரம்னு அளவு மாறி மாறி வரணும், வரிசையா அஞ்சு முகம் வந்தா ஆறாவது முகத்தை யாரும் பாக்க மாட்டாங்க.

அப்புறம் ஒரு இருபது இருபத்தஞ்சு மிஞ்சும். அதைச் சுவர்ல டேப் போட்டு ஒட்டிட்டு ஒரு வாரம் அப்படியே விடுங்க. பல் தேய்க்கும்போது, டீ குடிக்கும்போது கண்ணுல படட்டும். ரெண்டு நாள்லயே சலிச்சுப் போற படம் இருக்கும், எடுத்துடுங்க. முதல்ல சாதாரணமாத் தெரிஞ்சு அஞ்சாவது நாள் நிறுத்திப் பாக்க வைக்கிற படமும் இருக்கும், அதுதான் உங்க படம்.

அடுத்தது, யாராவது ஒருத்தர்கிட்ட அந்தப் பிரிண்ட் கட்டைக் குடுங்க, போட்டோகிராஃபரா இருக்கணும்னு இல்ல. குடுத்துட்டு நீங்க பேசாதீங்க. அவங்க கையைப் பாருங்க. எந்தப் படத்துல கை நிக்குது, எதைச் சட்டுனு தள்ளறாங்க, எதுக்குத் திரும்பிப் போறாங்க. வெப்சைட்ல எத்தனை அனலிடிக்ஸ் வச்சாலும் இந்தத் தகவல் கிடைக்காது. பிரிண்ட்டுக்காக நான் இவ்வளவு வாதாடறதுக்கு முதல் காரணமே இதுதான், அது பாக்கறவங்களை நமக்குக் காட்டுது.

எத்தனை படம் வைக்கணும்? நேர்ல காட்டற பெட்டிக்கோ புத்தகத்துக்கோ 20 போதும். பிடிஎஃப்னா 15. வெப்சைட்ல ரெண்டு மூணு பிரிவா பிரிச்சு ஒவ்வொண்ணுலயும் 12லேர்ந்து 15. கிராண்ட், போட்டின்னா அவங்க சொன்ன எண்ணிக்கை, ஒண்ணு கூட அதிகமா வேண்டாம்.

பிரிண்ட் பண்ணும்போது

மூணு வழி இருக்கு: தனித்தனி பிரிண்ட் ஒரு பெட்டியில, கழட்டி மாட்டற ஸ்குரூ போஸ்ட் ஆல்பம், இல்ல பைண்ட் பண்ண போட்டோபுக். படிக்கிறவங்களுக்கு நான் பெட்டிதான் சொல்லுவேன், ஏன்னா உங்க வேலை மாசத்துக்கு மாசம் மாறிட்டே இருக்கும், ஒரு படம் மாறினா ஒரு பிரிண்ட் மட்டும் மாத்தினா போதும், புத்தகம்னா மொத்தத்தையும் திரும்பப் போடணும். ஒரு ஸ்டைல் நிலையா வந்தவங்க, இன்டீரியர், ஆர்கிடெக்சர் எடுக்கறவங்க போட்டோபுக்குக்குப் போகலாம். போகும்போது லே ஃப்ளாட் பைண்டிங், அதாவது விரிச்சா தட்டையாப் படியற பைண்டிங் கேளுங்க, சாதாரண பைண்டிங்ல நடுவுல படம் மடிப்புக்குள்ள போயிடும், கட்டடத்தோட நேர்கோடு உடைஞ்சு தெரியும்.

சைஸ் பத்தி. நம்ம கேமரா பெரும்பாலும் 3க்கு 2 விகிதம், அதுக்கு 8 பை 12, 12 பை 18 (எல்லாம் இஞ்ச்ல) அப்படியே பொருந்தும். 8 பை 10 போட்டா ஓரம் வெட்டுப்படும், ஏ4 போட்டாலும் கொஞ்சம் வெட்டுப்படும். ஃபோன் படம் 4க்கு 3, அதுக்கு 12 பை 9 சரியா வரும். கைல வச்சுப் பாக்க 8 பை 12 சுகம். 12 பை 18 பேப்பர்ல நடுவுல 10 பை 15 படம் போட்டு சுத்தி வெள்ளை ஓரம் விட்டா இன்னும் அழகு, விரல் ரேகை படத்து மேல படாது, ஆனா பஸ்லயும் டிரெயின்லயும் தூக்கிட்டுப் போறதை யோசிச்சுக்குங்க.

ரெசல்யூஷனுக்குப் பயப்பட வேண்டாம். இஞ்சுக்கு 300 பிக்சல்ங்கறது நல்ல கணக்கு. 8 பை 12க்கு 2400 பை 3600 போதும், 10 பை 15க்கு 3000 பை 4500. 24 மெகாபிக்சல் கேமராவுல 6000 பை 4000 வரும், 20 இஞ்ச் அகலம் வரைக்கும் தாராளமாப் போகும். பழைய 12 மெகாபிக்சல் பாடி வச்சிருக்கறவங்களும் 8 பை 12ஐ நிம்மதியாப் போடலாம்.

எல்லாரும் சொல்ற புகார், "பிரிண்ட் டார்க்கா வந்திருக்கு"ன்னு. முக்கால்வாசி நேரம் லேப் மேல தப்பு இல்ல, உங்க மானிட்டர் ஓவர் பிரைட்னஸ்ல இருக்கு. மானிட்டர் கலரை அளந்து சரி பண்ற கேலிபரேஷன் கருவி இருந்தா 6500 கெல்வின், காமா 2.2, பிரைட்னஸ் 80லேர்ந்து 120 கேண்டலாக்குள்ள வைங்க. கருவி இல்லையா, ஜன்னல் வெளிச்சத்துல ஒரு வெள்ளைத் தாளை மானிட்டர் பக்கத்துல பிடிச்சு, ஸ்கிரீன்ல ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, ரெண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாத் தெரியற வரைக்கும் பிரைட்னஸைக் குறைங்க. அப்புறம் எடிட் பண்ணிப் பாருங்க, நீங்க எவ்வளவு இருட்டா வேலை பண்ணிட்டிருந்தீங்கன்னு தெரியும்.

லேப்புல மொத்தத்தையும் அடிக்கறதுக்கு முன்னாடி டெஸ்ட் பிரிண்ட் ஒண்ணு போடுங்க. ஒரே 8 பை 12 ஷீட்ல உங்க கஷ்டமான நாலு படத்தோட துண்டுகளை வைங்க, தோல் நிறம் ஒண்ணு, ஆழமான நிழல் ஒண்ணு, வெள்ளை வேட்டி மாதிரி ஹைலைட் ஒண்ணு, கருப்பு வெள்ளை ஒண்ணு. அதை லேப்புக்குள்ள ட்யூப்லைட்ல பாத்து முடிவு பண்ணாம வாசல்ல பகல் வெளிச்சத்துக்கு எடுத்துட்டு வந்து பாருங்க. ஆபரேட்டர்கிட்ட "கரெக்‌ஷன் போடாம அப்படியே அடிங்க அண்ணே"ன்னு வாய் விட்டுச் சொல்லுங்க, சொல்லலைன்னா அவர் பழக்கத்துல முகத்தை வெளுப்பாக்கிடுவார், நம்ம ஊர்ல கருப்புத் தோலை கருப்பாவே அடிக்க வைக்கறதுக்கு நீங்கதான் பக்கத்துல நிக்கணும். அவரைக் குறை சொல்லல, கல்யாண வேலையில கஸ்டமர் அதைத்தான் கேக்கறாங்க, அதனால கை அப்படிப் பழகியிருக்கு.

ஃபைல் எப்படிக் குடுக்கறதுன்னா, நோரிட்சு, ஃபிரான்டியர் மாதிரி மெஷின்ல அடிக்கற சாதாரண லேப் பிரிண்ட்டுக்கு எஸ்ஆர்ஜிபிங்கற சாதாரண கலர் செட்டிங்ல ஜேபெக் போதும், அச்சு மையோட கலர் முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாத்தாதீங்க, கலர் செத்துடும். சிஎம்ஒய்கே எல்லாம் சிவகாசி மாதிரி ஆஃப்செட் பிரஸ்ல அடிக்கும்போதுதான், அங்க பிடிஎஃப்பும் சுத்தி 3 மில்லிமீட்டர் ப்ளீடும் (வெட்டறதுக்காக ஓரத்துல விடற கூடுதல் படம்) கேப்பாங்க. பிக்மென்ட் இங்க்ஜெட்ல, அதாவது ஆர்கைவல் பிரிண்ட்னு சொல்றதுல போடறீங்கன்னா அந்த பேப்பருக்கான ஐசிசி ப்ரொஃபைலை (அந்த பேப்பர்ல கலர் எப்படி வரும்னு சொல்ற ஃபைல்) ஸ்டுடியோகிட்ட கேட்டு வாங்கி லைட்ரூம்ல சாஃப்ட் ப்ரூஃப், அதாவது பிரிண்ட் எப்படி வரும்னு ஸ்கிரீன்லயே பாத்துட்டு அனுப்புங்க.

பேப்பர்ல க்ளாஸி வேண்டாம், மேல லைட் அடிச்சா ஒண்ணும் தெரியாது, ரேகை படும். பாதி பளபளப்பா இருக்கற லஸ்டர் எல்லாத்துக்கும் ஒத்துப் போகும். காட்டன் ராக் பேப்பர், உதாரணத்துக்கு ஹானெமூலே போட்டோ ராக் 308 ஜிஎஸ்எம், தொட்டாலே வேற அனுபவம், ஆனா விலை அதிகம், ஆழமான கருப்புல சீக்கிரம் உரசல் விழும், அதனால பத்து பேர் கைமாறப் போற பெட்டிக்கு அது வேண்டாம், எக்ஸிபிஷனுக்கு வச்சுக்குங்க. கருப்பு வெள்ளை நிறைய இருந்தா மட்டும் லேப் பிரிண்ட்டை நம்பாதீங்க, கலர் பேப்பர்ல அடிக்கறதால லேசா பச்சையோ மெஜென்டாவோ ஏறும், அதுக்கு இங்க்ஜெட் செலவு பண்ணலாம். லேமினேஷன் எதுக்கும் வேண்டாம்.

டிஜிட்டல்ல கவனிக்க வேண்டியது

இன்ஸ்டாகிராம் போர்ட்ஃபோலியோ இல்ல. அது நீங்க இன்னும் வேலை பண்ணிட்டுத்தான் இருக்கீங்கன்னு காட்டற இடம். அங்க எந்தப் படம் எந்த வரிசையில மத்தவங்க கண்ணுல படும்னு நீங்க தீர்மானிக்க முடியாது, அகலமான படம் சின்னதாப் போயிடும், அக்கவுன்ட் ஹேக் ஆனா எல்லாம் போச்சு. சொந்தப் பேர்ல ஒரு டொமைன் வாங்குங்க, வருஷச் செலவு ஒரு நல்ல மெமரி கார்டு விலை கூட வராது. வெப்சைட் கட்ட கோடிங் தெரிய வேண்டாம். லைட்ரூம், போட்டோஷாப்புக்கு அடோபி போட்டோகிராஃபி பிளான் கட்டறீங்கன்னா அதோடவே அடோபி போர்ட்ஃபோலியோ வருது, தனி காசு இல்ல, ஆனா சந்தா நின்னா சைட்டும் நிக்கும், அதை ஞாபகம் வச்சுக்குங்க. ஸ்கொயர்ஸ்பேஸ், விக்ஸ், ஃபார்மட்ல சொந்த டொமைனோட சைட் வேணும்னா காசு. பிஹான்ஸ் இலவசம், மாணவங்க அங்க ஆரம்பிக்கலாம், டிசைனர்கள் கண்ணுல படும். பிக்ஸிசெட் கல்யாண கிளையன்ட்டுக்கு கேலரி குடுக்க நல்லது, போர்ட்ஃபோலியோவுக்கு இல்ல.

படத்தை ஏத்தும்போது நீளமான பக்கம் 2048 பிக்சல், எஸ்ஆர்ஜிபி, ஜேபெக் குவாலிட்டி 80, இவ்வளவு போதும், ஒரு படம் அரை எம்பி சுத்தி வரும். அடோபி ஆர்ஜிபிலயே ஏத்திட்டா சில ஸ்கிரீன்ல கலர் வெளுத்துத் தெரியும். ஏத்தி முடிச்சதும் வைஃபையை ஆஃப் பண்ணிட்டு மொபைல் டேட்டாவுல உங்க ஃபோன்ல திறங்க, முடிஞ்சா விலை கம்மியான ஒரு ஆண்ட்ராய்டு ஃபோன்லயும் திறங்க. பாதி பேர் ஃபோன்லதான் பாக்கப் போறாங்க. லேப்டாப்ல ஜோடி ஜோடியா அடுக்கின படம் ஃபோன்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வந்துடும், நீங்க தரையில யோசிச்சு வச்ச ஜோடி அங்க உடையும். அதனால டிஜிட்டலுக்கு வரிசையை தனியா போடுங்க, ஒவ்வொரு படமும் தனியா நிக்கற மாதிரி. பலமான படம் முதல் மூணுக்குள்ள வந்துடணும், புத்தகத்துல மெதுவா ஆரம்பிக்கலாம், ஃபோன்ல அதுக்குப் பொறுமை கிடையாது.

பேக்ரவுண்ட் மியூசிக், தானா ஓடற ஸ்லைடு ஷோ, படத்து நடுவுல பெரிய வாட்டர்மார்க் எதுவும் வேண்டாம். திருட்டுக்குப் பயந்தா சின்ன சைஸ்ல ஏத்துங்க, ஐபிடிசி மெடாடேட்டாவுல, அதாவது ஃபைலுக்குள்ளயே இருக்கற விவரக் குறிப்புல, உங்க பேரும் காப்பிரைட்டும் போட்டு வைங்க. சோஷியல் மீடியா பெரும்பாலும் அதை அழிச்சிடும், உங்க சைட்ல, பிடிஎஃப்ல, அனுப்பற ஃபைல்ல இருக்கும். ஊர், மெயில், வாட்ஸ்அப் நம்பர் மூணும் எந்தப் பக்கத்துலேர்ந்தும் ஒரு தடவ தட்டினாலே கிடைக்கணும், "கான்டாக்ட்" எங்க இருக்குன்னு தேட வைக்காதீங்க.

பிடிஎஃப் தனியா வச்சுக்குங்க, நிஜமா அதிகம் பயன்படப் போறது அதுதான். படுக்கை வாக்குல, பக்கத்துக்கு ஒண்ணு அல்லது ரெண்டு படம், 10 எம்பிக்குள்ள. ஜிமெயில் 25 எம்பி வரைக்கும் விடும்னாலும் அவ்வளவு பெருசா அனுப்பினா எதிர்ல இருக்கறவர் திறக்கவே யோசிப்பார். ஃபைல் பேர்ல உங்க பேர், துறை, வருஷம் இருக்கட்டும், "ஃபைனல் ஃபைனல் 2"ன்னு அனுப்பறவங்க இன்னும் இருக்காங்க, அது அவங்க டவுன்லோட்ஸ்ல தொலைஞ்சு போகும். வாட்ஸ்அப்ல அனுப்பினா டாக்குமென்ட்டா அனுப்புங்க, போட்டோவா அனுப்பினா அமுக்கிடும்.

டேப்ல காட்டறவங்க படத்தையெல்லாம் ஆஃப்லைன்ல வைங்க, மீட்டிங் ரூம் நெட்டை நம்பாதீங்க. ஆட்டோ பிரைட்னஸ், ஐபேட்னா வெளிச்சத்துக்கும் நேரத்துக்கும் ஏத்த மாதிரி கலரை மாத்தற ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட், மூணையும் ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா கலர் ரூமுக்கு ரூம் மாறும். நோட்டிஃபிகேஷனையும் நிறுத்துங்க.

உரிமை விஷயம், இதைப் படிக்காம தாண்டாதீங்க

நம்ம காப்பிரைட் சட்டம், 1957ல வந்தது, அதுல 17ஆவது பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒருத்தர் காசு குடுத்து உங்களை எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, முதல் உரிமையாளர் அந்தக் காசு குடுத்தவர்தான். அதாவது கல்யாணப் படம் நீங்க எடுத்ததா இருந்தாலும் எழுத்துல எதுவும் இல்லைன்னா உரிமை அவங்களுது. அதனால புக்கிங் ஃபார்ம்லயே ரெண்டு வரி சேருங்க: காப்பிரைட் யாருக்கு, போர்ட்ஃபோலியோவுலயும் வெப்சைட்டுலயும் போட அனுமதி உண்டா இல்லையா. வாயால "போட்டுக்கோங்க தம்பி"ன்னு சொன்னது நாளைக்கு வீட்டுல வேற யாராவது ஆட்சேபிச்சா நிக்காது. சம்பளத்துக்கு வேலை பாத்தப்ப எடுத்த படத்துக்கும் இதே மாதிரி, பொதுவா உரிமை முதலாளிக்குப் போகும். சீனியருக்காக செகண்ட் ஷூட்டரா போய் எடுத்ததையும் கேக்காம போடாதீங்க, கேட்டு வாங்கி, அவர் பேரையும் போட்டு வைங்க, இந்த ஊர்ல போட்டோகிராஃபி வட்டம் ரொம்பச் சின்னது. குழந்தைங்க படம், ஆஸ்பத்திரி, துக்க வீடு, இதெல்லாம் பிரிண்ட்ல நாலு பேருக்குக் காட்டறது வேற, நெட்ல போடறது வேற. சில நல்ல படங்கள் பெட்டியில மட்டும்தான் இருக்கணும், அதுக்கும் பிரிண்ட் போர்ட்ஃபோலியோ ஒரு இடம்.

காட்டற அன்னிக்கும் அதுக்கு அப்புறமும்

பெரிய போர்ட்ஃபோலியோ ரிவ்யூக்கள்ல, அதாவது துறை ஆளுங்க நேர்ல உக்காந்து படத்தைப் பாத்துக் கருத்து சொல்ற நிகழ்ச்சிகள்ல, அமெரிக்காவுல ஹூஸ்டன் ஃபோட்டோஃபெஸ்ட் மாதிரி இடத்துல, ஒருத்தருக்கு 20 நிமிஷம்தான். அதனால எங்க போனாலும் 20 நிமிஷம்னே வச்சு பிராக்டிஸ் பண்ணுங்க. முதல் ரெண்டு நிமிஷத்துல நீங்க யார், இது என்ன வேலை, அவர்கிட்ட என்ன கேக்க வந்தீங்கன்னு சொல்லிட்டு பெட்டியை அவர் பக்கம் திருப்பிக் குடுங்க, நீங்க ஒவ்வொண்ணா எடுத்து நீட்டாதீங்க. படத்துக்குப் படம் "இது எடுக்கும்போது மழை"ன்னு விளக்கம் வேண்டாம், அவர் கேட்டா சொல்லுங்க. எந்தப் படத்துல நின்னார்னு வெளிய வந்த உடனே நோட்டுல குறிச்சுக்குங்க. அன்னிக்கு சாயந்திரமே பிடிஎஃப்பும் லிங்க்கும் மெயில்ல போகட்டும், அவர் நின்னு பாத்த படத்தைப் பத்தி ஒரு வரியோட.

பிரிண்ட்டைப் பத்திரப்படுத்தறது நம்ம கடலோர ஊர்கள்ல தனி வேலை. இங்க்ஜெட் பிரிண்ட்டை வாங்கின உடனே கவருக்குள்ள போடாதீங்க, ஒரு நாள் காய விடுங்க. கவர் வாங்கும்போது பிவிசி வேண்டாம், நாள்பட்டா பிரிண்ட்டோட ஒட்டும், பாலிப்ரொப்பிலீன் கேளுங்க. ரெண்டு பிரிண்ட்டுக்கு நடுவுல ஆசிட் ஃப்ரீ தாள், பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட், மழைக்காலத்துல வெளிச்சுவரை ஒட்டி இருக்கற பீரோவுக்குள்ள வைக்காதீங்க, பூஞ்சை பிடிக்கும். லென்ஸுக்கு ட்ரை கேபினெட் (ஈரப்பதத்தைக் குறைக்கற அலமாரி) வச்சிருக்கறவங்க பெட்டியையும் அதுக்குள்ளயே வச்சிடலாம்.

வருஷத்துக்கு ரெண்டு தடவ, பொங்கல் முடிஞ்சு ஒண்ணு, ஆடி மாசம் கல்யாண வேலை கம்மியா இருக்கும்போது ஒண்ணு, புது 4 பை 6 பிரிண்ட்களைப் போட்டு பழைய இருபதோட சேத்து மறுபடி தரையில பரப்புங்க. புதுசா ஒண்ணு உள்ள வந்தா பழசு ஒண்ணு வெளிய போகணும். எண்ணிக்கை ஏறக் கூடாது. பிரிண்ட்ல மாத்தினதை அன்னிக்கே பிடிஎஃப்லயும் சைட்லயும் மாத்திடுங்க, பழைய பிடிஎஃப்பை ஃபோன்லேர்ந்து அழிச்சிடுங்க, அவசரத்துல அதைத்தான் தெரியாம அனுப்பி வைப்பீங்க.